ஒரு அடிக்கு ஒரு இஞ்ச்: மரத்தில் பழைய கார் செய்யப் பழகுவோம்



அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் தெரியாத வீடு நம்ம தாமிரபரணிக் கரையில் இருக்காது. குட்டி அடுப்பு, பானை, உரல், அம்மி, திருகை என்று ஓலைப்பெட்டிக்குள் அடுக்கி வரும். நம்ம பிள்ளைகள் பிடித்து நடந்த நடைவண்டியும் அதே கடைசல் பட்டறையில் பிறந்ததுதான். அந்தக் கடைசல் வேலையைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேறு ஒரு பொருளும் செய்யலாம். பழைய காலத்துத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, அளவு பிசகாமல், சின்னதாக மரத்தில் செய்வது எப்படி என்பதே இந்த இதழின் தொழில் பாடம்.

"காரைப் பத்தி நமக்கு என்ன தெரியும்?" என்று கேட்பீங்க. கார் ஓட்டத் தெரிய வேண்டாம். வகுக்கத் தெரிந்தால் போதும். ஜாக்கெட்டுக்குப் பேப்பர் கட்டிங் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சொப்புப் பானைக்கு அளவு கிடையாது. பானை மாதிரி இருந்தால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகள் நுங்குக் கூந்தலை குச்சியில் மாட்டி உருட்டினால் அதுவும் வண்டிதான்! ஆனால் அளவு மாதிரி, அதாவது மாடல் கார் வாங்குகிறவர் பெரிய ஆள். அந்தக் காரை அவர் ஓட்டியிருப்பார், இல்லை அவங்க அப்பா வைத்திருந்ததைப் பார்த்திருப்பார். முன்சக்கரம் கால் இஞ்ச் பின்னால் போனாலும் "இது அந்தக் கார் இல்லையே" என்று கீழே வைத்துவிடுவார். அவர் பணம் கொடுப்பது மரத்துக்கு இல்லை, அந்த அளவுக்குத்தான்.

எந்தக் காரைச் செய்வது?

மர அம்பாசிடர் கார் எல்லாக் கைவினைக் கடையிலும் இருக்கிறது. அதையே நாமும் செய்தால் விலையைக் குறைத்துத்தான் விற்க வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பாடத்துக்கு வேறு ஒரு கார் எடுத்திருக்கிறோம். பெயர் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்தில் கோவன்ட்ரி ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரானது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே துணிக் கூரை, மடக்கிவிடலாம்.

இந்தக் காருக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. சென்னையில் வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற கார் செய்தார்கள். வயதானவர்களைக் கேட்டால் டாக்டர் வீட்டு வாசலில் அந்தக் கார் நின்றதைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி அதன் மேல் செய்ததுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. ஆக, ஹெரால்டு நம்ம ஊர் அக்கா என்றால் ஸ்பிட்ஃபயர் சீமையில் பிறந்த தங்கச்சி!

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இதில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுக்க ஒரே துண்டாக முன்னால் கவிழும். ஹெரால்டிலும் அப்படித்தான். மரத்தில் செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. மூக்குப் பக்கம் ஒரே ஒரு கீல் வைத்தால் கார் வாய் திறந்துவிடும். உள்ளே இன்ஜினைப் பார்க்கிறவர் கீழே வைக்க மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கார் 18 வருடம் தயாரானதால் இடையிடையே மாற்றினார்கள். 1967இல் முன் பம்பரை உயர்த்தினார்கள். 1970இல் பின்பக்கத்தையே மாற்றினார்கள். ஒரு படத்தில் இருந்து முகத்தையும் இன்னொரு படத்தில் இருந்து பின்பக்கத்தையும் எடுத்தால் உலகத்தில் இல்லாத கார் வந்துவிடும். நாம் 1962 காரை மட்டும் வைத்துக்கொள்வோம்.

கோலமும் காரும் ஒன்றுதான்

15 புள்ளிக் கோலத்தை வாசலில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுகிறோம். அதே கோலத்தை நோட்டில் அரை இஞ்ச் இடைவெளியில் போடுகிறோம். கோலம் மாறுதா? மாறாது. எல்லா இடைவெளியும் ஒரே மாதிரி குறைந்தால் உருவம் மாறாது. ஒரு வரிசை மட்டும் குறைந்தால் கோலம் கோணலாகும். மாடல் செய்கிற கணக்கு முழுக்க இதுதான்.

நாம் எடுக்கிற அளவு 12க்கு 1. அசல் காரில் 12 இஞ்ச், அதாவது ஒரு அடி, நம் காரில் ஒரு இஞ்ச். எந்த அளவாக இருந்தாலும் 12ஆல் வகுக்க வேண்டியதுதான். ஆசாரிமாருக்கும் இது உடனே புரியும். உலகத்தில் 18க்கு 1, 24க்கு 1, 43க்கு 1 என்றும் செய்கிறார்கள். பழகுகிறவர்களுக்கு 12க்கு 1தான் நல்லது. கைக்கு அடக்கமாக, கண்ணுக்குச் சிரமம் இல்லாமல் இருக்கும்.

ஸ்பிட்ஃபயர் காரின் மொத்த நீளம் 145 இஞ்ச். 12ஆல் வகுத்தால் 12 இஞ்சும் கொஞ்சமும், மில்லிமீட்டரில் 307. அகலம் 57 இஞ்ச், நமக்கு நாலேமுக்கால் இஞ்ச், 121 மி.மீ. முன்சக்கர நடுவில் இருந்து பின்சக்கர நடு வரை 83 இஞ்ச், நமக்கு 176 மி.மீ. கூரைத்துணி போட்ட உயரம் நாலு இஞ்சுக்குக் கிட்டே வரும். டயரோடு சக்கரம் ஏறக்குறைய 57 செ.மீ. விட்டம், நமக்கு 47 அல்லது 48 மி.மீ. டயர் அகலம் 11 மி.மீ. முகவிளக்கு 7 இஞ்ச், நமக்கு 15 மி.மீ.

இவற்றில் மிக முக்கியமானது அந்த 176. ஹெரால்டு காருக்கு அதே இடைவெளி 91 1/2 இஞ்ச். இரண்டுக்கும் எட்டரை இஞ்சுதான் வித்தியாசம், நம் அளவில் 18 மி.மீ. அந்தக் கட்டைவிரல் அகலம்தான் குடும்பக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் நடுவில் இருக்கிறது. சக்கர இடைவெளி சரியாக இருந்தால் மற்ற சிறு குறைகளைக் கண் மன்னிக்கும். இது தப்பினால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் தேறாது.

மற்ற வளைவுகளுக்கு எல்லாம் அளவு எங்கே போவது? ஜெராக்ஸ் கடைக்குத்தான்! கம்ப்யூட்டர் சென்டரில் காரின் நாலு பார்வைப் படத்தை (பக்கம், மேல், முன், பின்) அச்செடுத்துக் கொள்ளுங்க. பக்கவாட்டுப் படத்தில் சக்கர நடுவுக்கும் சக்கர நடுவுக்கும் ஸ்கேல் வைத்துப் பாருங்க. 105 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 176. 176ஐ 105ஆல் வகுத்தால் 1.68 வரும். கடைக்காரரிடம் "168 சதவீதம் பெரிசு பண்ணிக் கொடுங்க" என்று சொல்லுங்க. ஏ4 தாளில் 307 மி.மீ. அடங்காது, ஏ3 தாள் கேளுங்க. வந்ததும் மறுபடி அளந்து பாருங்க. மேல் பார்வைப் படத்தில் அகலம் 121 வருகிறதா என்றும் பாருங்க. நாலு படமும் ஒரே அளவில் வரையப்படாமல் இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

கேமராவில் எடுத்த போட்டோவை நம்ப வேண்டாம். பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் கிட்டே இருக்கிற சக்கரம் பெரிதாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் விழும்.

படத்தை நாலாகக் கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டிக் கொள்ளுங்க. இதுதான் அளவு அட்டை. மேல் பார்வைக்கு மட்டும் பாதி வெட்டினால் போதும். நடுக்கோட்டில் வைத்து ஒரு பக்கம் வரைந்து, திருப்பிப் போட்டு மறுபக்கம் வரையலாம். ஜாக்கெட்டுக்குச் செய்கிறது போலத்தான். வலமும் இடமும் ஒன்று போல வந்துவிடும்.

மரம்

பழைய கடைசல்காரர்கள் மஞ்சக்கடம்பு என்று சொல்வார்கள். அது இப்போது நினைத்தபடி கிடைக்கிற மரம் இல்லை. காட்டு மரத்துக்கு ஆசைப்படாதீங்க, வழக்கில் மாட்ட வேண்டியிருக்கும். கார் உடம்புக்குக் குமிழ் மரம் நல்லது. விவசாயிகள் வயலோரம் வளர்க்கிறார்கள். செதுக்க இதமாக இருக்கும், அதிகம் முறுக்காது. கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் மரமும் ஆகும், ஆனால் பூச்சி மருந்தில் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்க. இல்லாவிட்டால் விற்ற பிறகு உள்ளே இருந்து மாவு கொட்டும். சக்கரத்துக்குக் கதவு, ஜன்னல் செய்கிற இடத்தில் மிஞ்சும் தேக்குத் துண்டு போதும்.

மரம் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. துண்டை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து அதன் மேலேயே எடையைத் தேதியோடு எழுதுங்க. வாரம் ஒரு தடவை நிறுங்க. எடை குறைந்துகொண்டே வரும். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் தயார். ஆனி, ஆடிச் சாரல் நாளில் அம்பை, பாபநாசம், கடையம் பக்கம் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஈர மரத்தில் துளைத்த அச்சுத் துளை, காய்ந்த பிறகு வட்டமாக இருக்காது, சக்கரம் ஆடும்.

வெட்டும் முறை

32 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரக் கட்டை ஒன்று வேண்டும். காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் கூரையும் தனியாக வருவதால் இந்த உயரம் போதும். ஒரே கட்டையாகக் கிடைக்காவிட்டால் இரண்டு பலகையைப் பெவிகால் வைத்து ஒட்டி ஒரு நாள் இறுக்கி வையுங்க.

பக்கவாட்டு அட்டையை வைத்து வரைந்து முதலில் அந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். பக்கவாட்டில் அறுத்ததும் மேல்பக்கம் மேடு பள்ளமாகிவிடும், மேல் அட்டையை வைத்து வரைய முடியாது. அதனால் அறுத்து விழுந்த துண்டுகளை எறியாதீங்க. அதே இடத்தில் திரும்ப வைத்து டேப் ஒட்டிவிட்டால் கட்டை பழையபடி சதுரமாகிவிடும். இப்போது மேல் அட்டையை வைத்து வரைந்து அறுங்க. டேப்பைப் பிரித்தால் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் மேலே இருந்து பார்த்தாலும் கார் உருவம் நிற்கும். இந்த இரண்டு அறுப்பையும் மரக்கடை பேண்ட் சா மெஷினில் கூலி கொடுத்து அறுத்து வாங்குவதே நல்லது. பழகாத கைக்கு அது ஆபத்து.

மீதி வேலை உளி, அரம், உப்புத்தாள். முன் வெட்டுத் தோற்றத்துக்கும் சின்ன அட்டைகள் செய்து, மட்கார்டு, கதவு, டிக்கி என்று மூன்று இடத்தில் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்க. அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அதன் பக்கத்து மேட்டைத் தேயுங்க. அவசரப்பட்டு நிறைய எடுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது.

உடம்பு முழுக்க உருவான பிறகுதான் பானெட்டைப் பிரிக்க வேண்டும். அசல் காரில் பானெட் இடுக்கு நாலைந்து மில்லிமீட்டர். நமக்கு அரை மில்லிமீட்டர்கூட வரக் கூடாது. சாதாரண ரம்பம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தின்றுவிடும். வெள்ளி அறுக்க நகைப் பட்டறையில் வைத்திருக்கும் மெல்லிய ரம்பக் கம்பிதான் சரி. பிறகு உள்ளே குடைந்து, சுவர் 5 மி.மீ. கனம் இருக்கும்படி விடுங்க. முதல் காரில் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஊசியால் கோடு மட்டும் கீறி விடுங்க. கை பழகிய பிறகு திறக்கலாம்.

திறக்கிற கார் என்றால் உள்ளே நாலு சிலிண்டர் இன்ஜின், 1147 சி.சி. அதற்குத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டை, பக்கத்தில் இரண்டு கார்புரேட்டர். அந்த இரண்டு உருண்டையையும் சொப்பு கடைகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கடைந்து தருவார்!

கடைசல் வேலை

சக்கரத்தை ஒவ்வொன்றாகச் செய்தால் நாலும் நாலு விதமாக வரும். 48 மி.மீ. விட்டத்தில் நீளமான உருளையாகக் கடைந்து, 11 மி.மீ. கனத்தில் வாழைக்காய் சீவுகிற மாதிரி துண்டு போடச் சொல்லுங்க. நடுத்துளையை உருளையாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். ஒரு உருளையில் பத்துக் காருக்குச் சக்கரம் வந்துவிடும். டயர் கறுப்புக்கு அரக்குக் குச்சியே போதும். மரம் சுழலும்போது அரக்கை அழுத்தினால் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும். தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் பளபளக்கும். கர்நாடகத்தில் சென்னபட்டணாவிலும் ஆந்திராவில் ஏட்டிகொப்பாகாவிலும் இப்படித்தான் பொம்மைக்கு நிறம் ஏற்றுகிறார்கள்.

கடைசல் மெஷின் பக்கம் போகும்போது முந்தானையை இழுத்துச் செருகி மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ளுங்க. துப்பட்டா வேண்டாம். பின்னலைக் கொண்டை போடுங்க. வளையலைக் கழற்றி வையுங்க. சுழலுகிற மெஷின் துணியைப் பிடித்தால் கையை எடுக்க நேரம் தராது. உப்புத்தாள் போடும்போது மூக்கைக் கட்டுங்க.

உள்ளலங்காரம்

இந்த இடத்தில்தான் நம்ம கை தேர்ந்த கை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். துணியும் 12ல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். வெல்வெட் பிட்டை ஒட்டினால் அதன் மயிர் ஒரு மி.மீ. உயரம். அசல் காரில் அது 12 மி.மீ. உயரப் புல்லுக்குச் சமம், காருக்குள் அறுகம்புல் முளைத்த மாதிரி இருக்கும்! சீட்டுக்கு மெல்லிய பாப்ளின் துணியில் பெவிகாலைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, காய்ந்ததும் பெயிண்ட் அடித்தால் தோல் மாதிரி ஆகும். பத்தமடைப் பாய்த் துண்டைத் தரைக்குப் போடலாமா என்று ஒரு சகோதரி கேட்டாங்க. எவ்வளவு நயமான பாயாக இருந்தாலும் அந்தக் காரில் கோரைப்பாய் கிடையாது. அசலில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

1962 காரில் டயல்கள் டிரைவருக்கு நேராக இருக்காது, டேஷ்போர்டு நடுவில் இருக்கும். ஸ்டியரிங் வலமோ இடமோ எந்தப் பக்கம் வைத்தாலும் அதே போர்டு ஆகட்டும் என்று அப்படிச் செய்தார்கள். இது தெரிந்து செய்திருந்தால் விஷயம் தெரிந்தவர் அதிலேயே மயங்கிவிடுவார். முன்கண்ணாடிக்கு ஓ.ஹெச்.பி. ஷீட், விளக்குக்கு சேலையில் தைக்கிற வட்டக் கண்ணாடி, பம்பருக்கு அலுமினியக் கம்பி. எல்லாம் நம்ம கைக்கு எட்டுகிற சாமான்தான்.

பெயிண்ட்: இங்கே கவனம்

சீலர் அடித்து, காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாள், மறுபடி சீலர், பிறகு நிறம். நிறத்தை மூன்று நாலு மெல்லிய கோட்டாக அடிக்க வேண்டும். ஒரே கோட்டாகக் கனமாக அடித்தால் நாம் கீறிய கதவுக் கோடு மூடிப்போகும். மழை மூடிய நாளில் அடித்தால் நிறம் வெளுத்து மங்கும். கர்ப்பமாக இருக்கிற சகோதரிகள் இந்த வேலையில் இருக்க வேண்டாம்.

பக்கத்து ஒர்க்ஷாப்பில் மிஞ்சிய கார் பெயிண்ட் மலிவாகக் கிடைக்கும், கார்தானே என்று ஆசை வரும். வேண்டாம். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் விற்கிற பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பர் முதல் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலைக்கும் வாகனத்துக்கும் ஆன பெயிண்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பளிச்சென்ற மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ஈயம் பிள்ளைகள் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று போட்டதை வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்க.

அடுத்தது சக்கரம். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளை எதையும் வாயில் போடும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு குட்டிக் குழலை வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற துண்டு எதுவும் சின்னப் பிள்ளை பொம்மையில் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். நம் 48 மி.மீ. சக்கரம் அதில் போகாது. ஆனால் 15 மி.மீ. விளக்கு போகும். 24க்கு 1 அளவில் செய்தால் சக்கரமே 24 மி.மீ.தான், உள்ளே போய்விடும். ஆகவே இந்தக் கார் ஷோகேஸுக்கு மட்டும். பெட்டி மேலே "காட்சிப் பொருள், குழந்தைகள் விளையாடுவதற்கு அல்ல" என்று தமிழில் பெரிதாக எழுதுங்க. பிள்ளைகளுக்குக் கார் வேண்டும் என்று கேட்டால் விளக்கு, கண்ணாடி ஒன்றும் ஒட்டாமல், பெரிய சக்கரம் வைத்து, அரக்கு நிறத்தில் வேறாகச் செய்து கொடுங்க.

விளையாட்டுப் பொம்மை விற்க 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகத்தில் பதிந்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. அதனால் வேலை செய்கிற ஒவ்வொருவரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது அவசியம். குழு பெயரில் மட்டும் போதாது. அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர்ப் பட்டையையும் சின்னத்தையும் அனுமதி இல்லாமல் ஒட்டி விற்கவும் வேண்டாம்.

விலை போடுவது

இதுவரை படித்ததைவிட இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்க. கீழே உள்ள ரூபாய் கணக்குக் காட்ட மட்டும். உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

ஒரு காருக்கு மரம் 180, கடைசல் கூலி 120, சீலர், பெயிண்ட், உப்புத்தாள் 160, கம்பி, துணி, பசை 60, பெட்டி 80. ஆக 600 ரூபாய். ஒரு கார் முடிய 22 மணி நேரம் ஆகிறது என்று வைத்து, மணிக்கு 50 ரூபாய் கூலி போட்டால் 1,100. மொத்தம் 1,700. பத்தில் ஒன்று பழுதாகும், அதற்கு 170. ஸ்டால், பஸ், லாரிச் செலவு 130. அடக்கம் 2,000 ரூபாய்.

வியாபாரி வருகிறார். "900 தாரேன் தாயி" என்கிறார். நம்ம மனசு என்ன கணக்குப் போடும்? 600 செலவு போக 300 லாபம்! அந்த 300ஐ 22ஆல் வகுத்துப் பாருங்க. மணிக்கு 13 ரூபாய் 60 காசு. பழுதுக்கும் பஸ்ஸுக்கும் இன்னும் கழிக்கவே இல்லை. வீட்டில் இருந்து செய்கிற வேலைக்கு ஏது கூலி என்று நாமே நினைப்பதால்தான் இது லாபமாகத் தெரிகிறது. வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுத ஒரு நோட்டு போடுங்க. ஊக்குநர் வாரம் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

இன்னொரு பேச்சும் வரும். "பாதி சைசில் செய்யுங்க, பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்." இது நியாயம் மாதிரி கேட்கும். ஒரு சோப்புக் கட்டியை எடுத்து நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டுங்க. எட்டுத் துண்டு வரும். பாதி சைஸ் கார் என்றால் மரம் பாதி இல்லை, எட்டில் ஒரு பங்கு. 180 ரூபாய் மரம் 23 ரூபாயாகக் குறையும். "அப்படியானால் நமக்குத்தானே லாபம்?" என்று நினைக்காதீங்க. மரம்தான் குறைந்தது. கதவு அதே இரண்டு, சக்கரம் அதே நாலு, டயலும் அதே எண்ணிக்கை. விரல் நுழையாத இடத்தில் ஊசியால் செய்ய வேண்டும். 22 மணி நேரம் 20 ஆனால் பெரிசு. பெயிண்டும் குறைந்து சாமான் 380 ரூபாய் என்றாலும், கூலி 1,000, பழுது 138, ஸ்டால் செலவு 130 சேர்த்து அடக்கம் ஏறக்குறைய 1,650 வருகிறது. அவர் கேட்பது 1,000.

"அண்ணாச்சி, மரந்தான் சின்னது, கைவேலை சின்னதா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்க. நோட்டை எடுத்துக் காட்டுங்க. கணக்கு கையில் இருந்தால் சண்டை போட வேண்டியதில்லை. ஒத்து வரவில்லை என்றால் பூம்புகார் விற்பனை நிலையம், மகளிர் குழுக்களின் மதி அங்காடி, மாவட்டக் கண்காட்சிகள் இருக்கின்றன. பழைய கார் பிரியர்கள் கூடுகிற சென்னை, கோயம்புத்தூர் பக்கமும் விசாரிக்கலாம். கோவையில் ஜி.டி. நாயுடு பெயர் சொல்லும் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. குழுவில் இருந்து இரண்டு பேர் போய்ப் பழைய கார்களை நேரில் பார்த்து வந்தால் வளைவு என்றால் என்ன என்பது கண்ணுக்குப் பிடிபடும்.

முதலில் கடன் வாங்கிப் பெரிதாகத் தொடங்க வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து உள்கடனில் மூன்று கார் செய்து பாருங்க. ஒருத்தர் அட்டை, ஒருத்தர் அரம், ஒருத்தர் பெயிண்ட், ஒருத்தர் உள்வேலை என்று பிரித்துக்கொண்டால் கை வேகமாகப் பழகும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேலையை மாற்றிக்கொள்ளுங்க. அளவு அட்டை போடத் தெரிந்தவர் ஒருத்தர் மட்டும் இருந்து, அவர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டால் தொழில் நின்றுவிடும்.

நன்றாக வந்த முதல் காரை விற்காதீங்க. அதன் அளவு அட்டைகள், ஜெராக்ஸ் படம், பெயிண்ட் டப்பா பெயர், நேர நோட்டு எல்லாவற்றையும் ஒரு நார்ப்பெட்டியில் போட்டுக் குழு பெட்டகத்தோடு வையுங்க. அடுத்த ஆர்டர் ஒரு வருடம் கழித்து வந்தாலும் அதே கார் வரும். அனுப்பும்போது காரைச் சக்கரத்தில் நிற்க வைத்துக் கட்டாதீங்க, பஸ் குலுக்கலில் அச்சு ஒடியும். வயிற்றுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, நாலு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்படி கட்டுங்க.